மூன்று போகத்துக் கிழங்கு

தமிழ்நாட்டுச் சமையலறையில் பெரும்பாலான காய்களுக்கு ஒரு காலம் உண்டு. மொச்சை தை மாதத்தோடு வரும். சிறுகிழங்கு மார்கழியில் தலைகாட்டித் தையில் முடியும். மாவடு மாசி, பங்குனிக்கு உரியது. முருங்கைக்காய் கோடையில் மலிந்து கிடக்கும், அடைமழையில் தொட முடியாத விலைக்குப் போகும். உருளைக்கிழங்குக்கு மட்டும் அப்படி எதுவும் இல்லை. ஆண்டின் எந்த நாளிலும் எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கிறது. இத்தனைக்கும் பருவ விஷயத்தில் இதைவிடக் கண்டிப்பான பயிர்கள் குறைவு. கிழங்கு நன்றாக இறங்க 15 முதல் 20 பாகை செல்சியஸ் வரையிலான குளிர்ச்சி வேண்டும். இரவு வெப்பம் அதற்கு மேல் ஏறினால் செடி இலையாகவே வளர்ந்து நின்றுவிடும். தமிழகச் சமவெளியின் பெரும்பகுதி இந்தப் பயிருக்கு ஆகாத நிலம். அப்படிப்பட்ட ஊரில் இது ஆண்டு முழுவதும் கைக்கு எட்டும் காயானதற்குப் பின்னால் சுமார் 200 ஆண்டு உழைப்பு இருக்கிறது. அதில் மலை உழவர்களுக்கும் ரயிலுக்கும் குளிர்பதனக் கிடங்குகளுக்கும் சமமான பங்கு உண்டு.

உருளை வருவதற்கு முன்பே தமிழர் கிழங்கு உண்டவர்கள். வள்ளிக்கிழங்கையும் கவலைக்கிழங்கையும் சங்க நூல்கள் பேசுகின்றன. சேனை, கருணை, சேம்பு, சிறுகிழங்கு, பெருவள்ளி, பனங்கிழங்கு என ஒவ்வொரு வட்டாரத்துக்கும் அதனதன் கிழங்கு இருந்தது. இவற்றில் பலவற்றுக்கும் ஒரு குணம் பொது: சும்மா வேகவைத்துத் தின்ன முடியாது. கருணையும் சேனையும் நாக்கையும் தொண்டையையும் அரிக்கும் என்பதால் புளித்தண்ணீரில் வேகவைக்க வேண்டும். சேம்பின் வழவழப்புப் போக எண்ணெயில் முறுக வறுக்க வேண்டும். வேகவைத்துத் தோலுரிப்பது, புளியில் இடுவது, காரப்பொடி தூவி இரும்புச் சட்டியில் பிரட்டுவது, மசித்துக் கடைவது ஆகிய கைப்பக்குவங்கள் இந்தக் கிழங்குகளால் பழகியவை. உருளைக்கிழங்கு தனக்கென்று ஒரு சமையல் முறையைக் கொண்டு வரவில்லை. காத்திருந்த முறைகளுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

அதன் பிறப்பிடம் தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைத்தொடர். பெரு, பொலிவியா நாடுகளின் உயர்நிலங்களில், டிட்டிகாக்கா ஏரியைச் சூழ்ந்த வட்டாரத்தில், பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு மனிதர் அதைப் பயிராக்கினர். 16-ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் வழியாக ஐரோப்பாவுக்குப் போனது. இந்தியாவின் மேற்குக் கரைக்குக் கொண்டுவந்தவர்கள் போர்ச்சுகீசியர் என்பது பொதுவான முடிவு. 17-ஆம் நூற்றாண்டுப் பயணிகளின் குறிப்புகளில் இந்தக் கிழங்கு பேசப்படுகிறது. ஆனால் அவர்கள் சர்க்கரைவள்ளியையும் இதையும் ஒன்றாகவே எழுதிவிடுவதால் அந்தச் சான்றுகளைச் சற்றுத் தள்ளி வைத்தே படிக்க வேண்டும். தமிழ் நிலத்தைப் பொறுத்தவரை உருளையின் கதை துறைமுகத்தில் தொடங்கவில்லை, மலைமேல்தான் தொடங்குகிறது.

கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819-இல் நீலகிரி மலைக்கு ஏறினார். அந்தத் தட்பவெப்பம் ஆங்கிலேயருக்கு ஏற்றது என்று மதராஸ் அரசுக்கு விடாமல் எழுதியவர் அவர். 1820-களின் தொடக்கத்தில் உதகமண்டலத்தில் கல்வீடு கட்டி, அதைச் சுற்றி ஐரோப்பியக் காய்கறிகளையும் பழமரங்களையும் பயிரிட்டுப் பார்த்தார். நீலகிரியில் உருளைக்கிழங்கு வேரூன்றியது இந்தச் சோதனைகளிலிருந்துதான். மலையில் குடியேறிய வெள்ளையருக்குக் காய்கறி பெரும் பிரச்சினையாக இருந்தது. 1840-களில் அவர்கள் சந்தா கட்டி ஒரு காய்கறித் தோட்டம் நடத்தினார்கள். இன்றைய உதகை அரசுத் தாவரவியல் பூங்காவின் முன்வரலாறு அந்தக் காய்கறிப் பாத்திதான். 1850-களில் குன்னூருக்கு அருகே வெலிங்டனில் படைமுகாம் எழுந்தது. நாள்தோறும் உருளை தின்னும் சிப்பாய்கள் மலையிலேயே தங்க வந்ததால், விளைவிப்பவருக்கு நிலையான வாங்குபவர் கிடைத்தார்.

விளைவித்தவர்கள் பெரும்பாலும் படகர். அதுவரை ராகி, சாமை, பார்லி போன்ற தானியங்களை விதைத்து வந்த உழுகுடிகள் அவர்கள். மலையின் மற்றக் குடிகளில் தொதவர் எருமை மேய்த்தனர். கோத்தர் கொல்லுப்பணியும் மட்கலமும் செய்தனர். உழவு படகர் கையில் இருந்தது. வெளியிலிருந்து வந்த ஒரு பயிரை ஒரு சமூகம் இவ்வளவு விரைவாகத் தன்னுடையதாக்கிக்கொள்வது அடிக்கடி நடப்பதில்லை. காரணங்கள் எளியவை. நீலகிரியின் அமில மண் உருளைக்கு ஒத்துவந்தது. சரிவு நிலத்தில் தானியத்தைவிடக் கிழங்கு நிறைவாக விளைந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, அது காசு தந்தது. படகர் வீட்டு அடுப்பிலும் அது இடம்பிடித்தது. ராகிக் களியோடு உண்ணும் அவரைக் குழம்பில் உருளைக்கிழங்குத் துண்டுகள் சேர்ந்தன. பழைய அவரை, பழைய ராகி, புதிய கிழங்கு ஆகிய மூன்றும் ஒரே தட்டில் வந்த இந்த உணவு இன்றும் ஹட்டி எனப்படும் படகர் ஊர்களில் அன்றாடச் சாப்பாடு. தமிழ்நாட்டில் உருளைக்கிழங்கு முதன்முதலில் வீட்டுச் சமையலானது மதராஸிலோ தஞ்சாவூரிலோ அல்ல, இந்த ஹட்டிகளில்தான் என்று கொள்வதே பொருத்தம்.

ஆண்டு முழுவதும் கிழங்கு என்ற நிலையை முதலில் உண்டாக்கியதும் இந்த மலைதான். வட இந்தியச் சமவெளியில் உருளை குளிர்காலப் பயிர். ஆண்டுக்கு ஒரே அறுவடை. நீலகிரியிலோ மூன்று போகம். மார்ச், ஏப்ரலில் சரிவுகளில் நட்டு, தென்மேற்குப் பருவமழையில் வளர்த்து, ஆடி, ஆவணியில் தோண்டுவது கார்போகம். அது முடிந்ததும் ஆகஸ்ட், செப்டம்பரில் நட்டு, உறைபனி கடுமையாவதற்குள் எடுத்துவிட வேண்டியது கடைபோகம். ஜனவரி, பிப்ரவரியில் பள்ளத்தாக்கின் ஈர நிலங்களில் நீர் பாய்ச்சி விளைவிப்பது நீர்ப்போகம். அது கோடையில் சந்தைக்கு வரும். ஒவ்வொரு போகமும் ஏறத்தாழ நான்கு மாதம். ஒன்றின் கையிருப்பு தீர்வதற்குள் அடுத்தது வந்து சேரும். மலையின் ஒரு முகத்தில் தென்மேற்கு மழையும் மறு முகத்தில் வடகிழக்கு மழையும் பெய்வது இந்தச் சுழற்சிக்குப் பெரிய உதவி.

கிழங்கு கீழே இறங்கும் வழி மேட்டுப்பாளையம். 1873-இல் போத்தனூரிலிருந்து அங்கே ரயில் வந்தது. மலைமேல் செல்லும் பற்சக்கர ரயில் 1899-இல் குன்னூரை எட்டியது. 1908-இல் உதகையைத் தொட்டது. அதற்கு முன்பு மாட்டுவண்டியிலும் பொதிமாட்டிலும் இறங்கிய மூட்டைகள் அதன் பிறகு ரயிலேறின. மேட்டுப்பாளையம் மண்டிகளில் கிழங்கைப் பருமன் பார்த்துத் தரம் பிரித்து ஏலம் விடுவது வழக்கமாயிற்று. தரகரின் பிடியைத் தளர்த்த உருவான நீலகிரி கூட்டுறவு விற்பனைச் சங்கமும் அங்கேதான் தன் ஏலக்களத்தை அமைத்தது. தோலில் ஒட்டிய செம்மண்ணோடு வரும் கிழங்குக்கு ‘ஊட்டி உருளை’ என்ற பெயர் நிலைத்ததும் இந்த மண்டியில்தான். அந்த மண்ணைக் கழுவாமலே விற்பதற்குக் காரணம் அழகல்ல. கழுவிய கிழங்கில் ஈரம் தங்கி விரைவில் அழுகும்.

சமவெளி வீடுகள் உடனே கதவைத் திறக்கவில்லை. முதலில் வெள்ளையர் பங்களாக்களின் பட்லர் சமையலிலும் படைமுகாம்களிலும் புழங்கிய காய் என்பதால், முட்டைக்கோசு, பீன்ஸ், காரட் ஆகியவற்றோடு சேர்த்து இதையும் ‘இங்கிலீஷ் காய்’ என்று ஒதுக்கிவைத்தார்கள். அந்த ஒதுக்கத்தின் எச்சம் இன்னும் இருக்கிறது. பல குடும்பங்களில் திவசச் சமையலுக்கு உருளை கிடையாது. வாழைக்காயும் சேம்பும் கருணையும்தான். பழைய மரபைப் பேணும் கோயில் மடைப்பள்ளிகள் சிலவற்றிலும் இதே நிலைதான். முன்னோருக்குத் தெரியாத காயை முன்னோருக்குப் படைப்பதில்லை என்பது இந்த வழக்கத்தின் தர்க்கம். வரலாறு எழுதுபவனுக்கு இது ஒரு வசதி: திவசச் சமையலில் எது இல்லை என்று பார்த்தாலே, எது கப்பலேறி வந்தது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். மிளகாயும் அவ்வாறே பல வீடுகளில் விலக்கப்பட்டு மிளகுக்கு வழிவிடுகிறது.

விலக்கு திவச நாளோடு நின்றது. மற்ற நாட்களில், 20-ஆம் நூற்றாண்டின் முதல் பாதிக்குள் உருளை நகரத்து நடுத்தர வீடுகளின் நிரந்தரக் காயாகிவிட்டது. உடுப்பி ஓட்டல்கள் இதில் பெரும் பங்கு வகித்தன. மசாலா தோசையும் பூரி மசாலாவும் போண்டாவும் வீட்டில் உருளை நுழையாதவருக்கும் அதன் ருசியைப் பழக்கின. 1951-இல் மீனாட்சி அம்மாள் ‘சமைத்துப் பார்’ நூலை வெளியிட்ட காலத்தில், ஒரு தமிழ்ச் சமையல் கையேடு உருளையை அந்நியப் பொருளாக அறிமுகப்படுத்த வேண்டிய தேவை தீர்ந்திருந்தது.

வீட்டுச் சமையலில் அது யாருடைய இடத்தைப் பிடித்தது என்று கேட்டால், விடை வாழைக்காய். இரண்டும் மாவுச்சத்து நிறைந்தவை, தனக்கென்று ஓங்கிய வாசனை இல்லாதவை, எந்தத் தாளிப்பையும் ஏற்பவை. வாழைக்காய்ப் பொடிமாஸ் உருளைக்கிழங்குப் பொடிமாஸாயிற்று. கிழங்கை வேகவைத்துத் தோலுரித்து உதிர்த்து, கடுகு, உளுத்தம்பருப்பு, பெருங்காயம், இஞ்சி, பச்சைமிளகாய் தாளித்துப் பிரட்டி, இறக்கியபின் எலுமிச்சைச் சாறு பிழிவதுதான் அதன் செய்முறை; கால் மணி நேர வேலை. சேப்பங்கிழங்கு ரோஸ்ட் உருளை ரோஸ்ட் ஆயிற்று. வாழைக்காய் பஜ்ஜியின் பக்கத்தில் உருளை பஜ்ஜி வந்தது. செட்டிநாட்டு அடுப்பில் சோம்பும் பூண்டும் தட்டிப்போட்ட காரக்கறியாகவும், கொங்கு வீடுகளில் தேங்காய் அரைத்த குழம்பாகவும், தஞ்சைப் பக்கம் வெங்காய சாம்பாரின் துணையாகவும் அது நின்றது. பெரும்பாலான செய்முறைகளில் பெருங்காயமோ இஞ்சியோ பூண்டோ தவறாமல் இருப்பதைக் கவனிக்கலாம். ‘வாயுப் பதார்த்தம்’ என்று வீட்டுப் பெரியவர்கள் அதன்மேல் வைத்த சந்தேகத்துக்குச் சமையலறை கண்டுபிடித்த பரிகாரம் அது. சந்தேகம் சரியோ தவறோ, ருசிக்கு நல்லதாகவே முடிந்தது.

பருவமில்லாத காயும் பருவத்துக்கேற்ப வேடம் மாற்றிக்கொண்டது. தைப்பொங்கல் சமயத்தில் மொச்சையோடும் கத்திரிக்காயோடும் சேர்ந்து குழம்பில் விழும். சித்திரை வெயிலில் மெல்லிய வில்லைகளாக அரிந்து, உப்பு நீரில் அரைவேக்காடு வைத்து, வெள்ளை வேட்டியில் பரப்பிக் காயவைத்தால் வற்றல். ஆண்டீஸ் மக்கள் கிழங்கை இரவுப் பனியில் உறையவிட்டு, பகல் வெயிலில் காயவைத்து, காலால் மிதித்து நீர் நீக்கி ‘சுன்யோ’ என்ற உலர்கிழங்காக்கி ஆண்டுக்கணக்கில் சேமித்தார்கள். அங்கே பனியும் வெயிலும் செய்த வேலையை இங்கே கத்திரி வெயில் தனியாகச் செய்தது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கத்திரியும் வெண்டையும் அழுகி விலையேறும்போதுதான் உருளையின் உண்மையான மதிப்பு தெரியும். நான்கு கிழங்கு, இரண்டு வெங்காயம் இருந்தால் அன்றைய பொரியல் முடிந்தது. எதிர்பாராத விருந்தாளிக்கும் அதுவே காப்பு. பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுப் பெட்டியில் தயிர்சாதத்துக்கு வேறு தொடுகறி எடுபட்டதில்லை.

சமவெளி அடுப்புகளில் உருளை நிலைபெற்றுவந்த காலத்தில் மலையில் நிலைமை மாறிக்கொண்டிருந்தது. அயர்லாந்தை 1845-இல் பஞ்சத்தில் தள்ளிய பின்கருகல் நோய், இந்தியாவில் முதலில் காணப்பட்டது நீலகிரியில்தான், 1870-க்கும் 1880-க்கும் இடையில். மூடுபனியும் ஓயாத தூறலும் அந்த நோய்க்கு ஏற்ற சூழல். மருந்து தெளித்து அதைச் சமாளிக்கப் பழகினார்கள். அடுத்து வந்தது கண்ணுக்குத் தெரியாத எதிரி. 1961-இல் உதகைக்கு அருகே எஃப்.ஜி.டபிள்யூ. ஜோன்ஸ் என்ற ஆங்கில அறிஞர் தங்க நூற்புழு என்னும் முட்டைக்கூட்டு நூற்புழுவை வேர்களில் கண்டார். வேரை உறிஞ்சி வாழும் இந்தப் புழுவின் முட்டைகள் கடினமான கூட்டுக்குள் பல ஆண்டுகள் மண்ணிலேயே உயிரோடு கிடக்கும். உருளைச் செடி நட்டதும் விழித்துக்கொள்ளும். கிழங்கின்மேல் கிழங்காக ஆண்டுக்கு மூன்று முறை நட்ட நிலம் அதற்கு ஓயாத விருந்து. ஆண்டு முழுவதும் விளைவித்த பெருமையே பயிருக்குக் கேடாக முடிந்தது. புழு பரவாமலிருக்க நீலகிரி விதைக்கிழங்கை வெளியே கொண்டுபோகத் தடை வந்தது. அதுவரை விதைக்கு இருந்த வெளியூர்ச் சந்தை அடைபட்டது.

மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனம் 1949-இல் பாட்னாவில் தொடங்கி, 1956-இல் சிம்லாவுக்கு மாறியது. உதகைக்கு அருகிலுள்ள முத்தோரையில் அதன் கிளை நிலையம் அமைந்தது. நூற்புழுவைத் தாங்கும் ‘குஃப்ரி ஸ்வர்ணா’ ரகம் 1985-இல் வெளியானது நீலகிரியை மனத்தில் வைத்துத்தான். சிம்லாவை அடுத்த குஃப்ரி என்ற மலையூரின் பெயரையே அந்த நிறுவனத்தின் ரகங்கள் பலவும் தாங்கி நிற்கின்றன. பல ஆண்டுகளாக நீலகிரியில் விளைந்த ‘கிரேட் ஸ்காட்’ என்ற பழைய ரகத்தின் இடத்தைக் குஃப்ரி ஜோதியும் ஸ்வர்ணாவும் எடுத்துக்கொண்டன. ஆனால் அதற்குள் நிறைய வயல்கள் தேயிலைக்குப் போய்விட்டன. நூற்புழு கிடையாது, ஆண்டு முழுவதும் பறிக்கலாம், வாரந்தோறும் கையில் பணம் என்ற கணக்கில் படகர் சிறு விவசாயிகள் சரிவுகளில் தேயிலை நட்டனர். எஞ்சிய நிலத்தில் காரட்டும் முட்டைக்கோசும் பூண்டும் பங்கு கேட்டன.

மலை விட்ட இடத்தை வடக்கு நிரப்பியது. வட இந்தியச் சமவெளியில் குளிர்கால மாதங்களில் பயிரைக் கெடுக்கும் அசுவினிப் பூச்சி மிகக் குறைவு என்பதைப் பயன்படுத்தி, நல்ல விதைக்கிழங்கை அங்கேயே பெருக்கும் முறையைச் சிம்லா நிறுவனத்தின் புஷ்கர்நாத் 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வகுத்தார். விதைக்கு மலையை நம்ப வேண்டிய நிலை போயிற்று. உத்தரப் பிரதேசம், மேற்கு வங்கம், பஞ்சாப், குஜராத் மாநிலங்களில் விளைச்சல் பெருகி, இந்தியா இன்று ஆண்டுக்கு 5 கோடி டன்னுக்கு மேல் உருளை விளைவித்து சீனாவுக்கு அடுத்த இடத்தில் நிற்கிறது. ஒரே பருவத்தில் தோண்டும் இந்தக் கிழங்கை ஆண்டு முழுவதும் ஓட்ட வேண்டிய பொறுப்பு குளிர்பதனக் கிடங்குகளுக்கு வந்தது. மார்ச்சில் உள்ளே போகும் மூட்டை நவம்பர் வரைகூட வெளியே வந்துகொண்டிருக்கும்.

இந்த மாற்றம் அடுப்படிக்கும் எட்டியது. 2 முதல் 4 பாகை குளிரில் நெடுநாள் கிடந்த கிழங்கில் மாவுச்சத்தின் ஒரு பகுதி சர்க்கரையாக மாறிவிடும். அதனால்தான் மழைக்காலத்தில் வாங்கும் சில கிழங்குகள் இனிக்கின்றன. வறுவலாகப் போட்டால் வேகும் முன்பே கருகுகின்றன. இரண்டு வாரம் வெளியில் காற்றோட்டமாக வைத்திருந்தால் அந்தச் சர்க்கரை பெருமளவு குறையும். வீட்டுக் குளிர்பெட்டியில் உருளையை வைக்கக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம். வெளிச்சம் பட்டுப் பச்சை படர்ந்த இடத்திலும் முளைவிட்ட கண்ணிலும் சோலனைன் என்ற நஞ்சு சேரும். அதை ஆழமாகச் செதுக்கி எறிய வேண்டும், பச்சை அதிகம் என்றால் கிழங்கையே விட்டுவிட வேண்டும். பாட்டிமார்கள் இருட்டு மூலையில் மூங்கில் கூடையில் கொட்டிவைத்தது இந்த வேதியியல் தெரியாமலே எடுத்த சரியான முடிவு. 1950-களின் இறுதியில் இந்தியாவிலேயே பிரஷர் குக்கர் உற்பத்தி தொடங்கி, அது வீடுகளுக்குள் வந்தபின், அரைமணி நேரம் பானையில் கொதித்த கிழங்கு சில விசில்களில் வெந்தது. காலை அவசரத்தில் உருளை முதலிடம் பெற்றதற்கு இந்தப் பாத்திரத்தின் பங்கும் சிறியதல்ல. ஆனாலும் புதிதாகத் தோண்டிய, மெல்லிய தோலுள்ள ஊட்டிக் கிழங்கை ரோஸ்டுக்கும், மாவாக உதிரும் பழங்கிழங்கைப் பொடிமாஸுக்கும் மசாலாவுக்கும் தேர்ந்தெடுப்பது கைதேர்ந்தவர்களின் வழக்கமாக நீடிக்கிறது.

கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணத்தில் இதே கிழங்குக்கு வேறொரு வழி வாய்த்தது. 1960-களின் இறுதியில் இலங்கை அரசு உருளைக்கிழங்கு இறக்குமதியைத் தடுத்தபோது, நுவரெலியா, வெலிமடை போன்ற மலைப் பகுதிகளோடு யாழ்ப்பாணத்துச் செம்மண் தோட்டங்களும் அதை விளைவிக்கத் தொடங்கின. மலையில்லாத அந்தத் தீபகற்பத்தில் நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான குளிர்ந்த வாரங்கள்தான் பருவம். கிணற்று நீரும் உழவரின் உழைப்பும் மீதியைப் பார்த்துக்கொண்டன. வெங்காயம், மிளகாயோடு உருளையும் 1970-களில் அங்கே நல்ல விலை பெற்ற பணப்பயிராக இருந்தது. 1977-க்குப் பின் பொருளாதாரம் திறக்கப்பட்டு, தொடர்ந்து போரும் வந்தபின் அந்தச் செழிப்பு கலைந்தது. சமையலில் தேங்காய்ப்பால் விட்ட வெள்ளைக்கறியும், வறுத்த மிளகாய்த்தூளில் செய்யும் பிரட்டலும் நிலைத்துவிட்டன. இடியப்பத்துக்கும் புட்டுக்கும் அவை இன்றும் துணை.

இன்றைய தமிழ்நாட்டுக் கடைகளில் உருளையின் ஆண்டு பல ஊர்க் கிழங்குகளால் தைக்கப்பட்டது. தை முதல் பங்குனி வரை குஜராத்திலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் புதுக்கிழங்கு. அதன்பின் மழைக்காலம் வரை அதே ஊர்களின் கிடங்குக் கிழங்கு. ஆவணி, புரட்டாசியில் கர்நாடகத்தின் ஹாசன், கோலார் பகுதி மழைப்பயிர் கலக்கும். தாளவாடி, கொடைக்கானல் மேல்மலை, ஓசூர்ப் பக்கத்து விளைச்சல் அவ்வப்போது எட்டிப் பார்க்கும். நீலகிரியின் மூன்று போகங்களும் அளவில் சுருங்கினாலும் தொடர்கின்றன. மேட்டுப்பாளையத்தில் ஏலம் போகும் அந்தச் செம்மண் கிழங்குக்கு மற்றவற்றைவிடக் கிலோவுக்குச் சில ரூபாய் கூடுதல். வாங்குபவர்கள் அதைத் தனிக் குவியலாகவே தேடி வாங்குகிறார்கள்.